அட்டை இல்லாத வேலை

அனந்துக்கு 'என் தப்பு' என்று சொல்வது தும்மல் மாதிரி. யார் மூக்கில் தூசி ஏறினாலும் தும்முவது அவனாகத்தான் இருக்கும்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அவனுடைய அலுவலகம். மென்பொருள் செய்கிற சின்ன நிறுவனம். முதலாளி அப்பாதுரையையும் சேர்த்து ஒன்பது பேர். அதில் ஆறு பேருக்கு அனந்த் டீம் லீடர். சென்னையில் பத்து வருஷம் பெரிய கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு இங்கே வந்தபோது, அங்கே பழகிய வேலை முறையையும் கூடவே கொண்டுவந்தான். காலை ஒன்பதரைக்கு எல்லோரும் நின்றபடியே பத்து நிமிஷம் பேச வேண்டும்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எங்கே சிக்கிக்கொண்டு நிற்கிறேன். சுவரில் ஒரு பெரிய பலகை. செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை. அட்டை இடது ஓரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து 'முடிந்தது' என்ற கட்டத்தில் போய்ச் சேர வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, எது உருப்பட்டது, எது சொதப்பியது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

இதற்கெல்லாம் அனந்த் இரண்டு சட்டம் போட்டிருந்தான். யாரையும் விரல் நீட்டிக் குற்றம் சொல்லக் கூடாது என்பது ஒன்று. அட்டை இல்லாத வேலை என்று எதுவும் கிடையாது, பலகையில் ஏறாததை யாரும் தனியாகச் செய்யக் கூடாது என்பது மற்றொன்று.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஏதாவது சொதப்பல் தலை காட்டினால் போதும், யாரும் வாயைத் திறப்பதற்குள் அனந்த் கையைத் தூக்கிவிடுவான். "இது என் தப்பு. நான்தான் பாத்திருக்கணும். மேல போலாம்." விஷயம் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு அவன் மேல் கொள்ளைப் பிரியம். "மழை பெஞ்சாக்கூட எங்க சார் சாரி கேப்பாரு" என்று அந்த ஆறு பேரில் ஒருவனான செழியன் வெளியே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவான். இருக்காதா பின்னே? அடி விழாத வீட்டில் எந்தப் பிள்ளைக்குத்தான் கசக்கும்?

அனந்துக்கு இது வீட்டிலிருந்து வந்த பழக்கம். வந்தவாசிப் பக்கம் ஒரு சமணக் கிராமம் அவன் ஊர். வருஷா வருஷம் பத்து நாள் தசலட்சணப் பண்டிகை முடிந்த பிறகு, கோயிலில் சின்னவர் பெரியவர் பார்க்காமல் ஒருவருக்கொருவர் கை கூப்பி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். நல்ல வழக்கம்தான். அதில் அவன் ஒன்றை மட்டும் கவனிக்காமல் விட்டான். என்ன பிழை என்று யோசித்துப் பார்க்காமலேயே மன்னிப்புக் கேட்கலாம். கேட்டுக் கேட்டு அதில் ஒரு சுகம்கூட வந்துவிடும்.

அவர்கள் செய்துகொடுத்த மென்பொருள்களில் ஒன்று, ஊரிலிருக்கிற ஒரு தனியார் டயாலிசிஸ் மையத்துக்கானது. சிறுநீரகம் செயலிழந்தவர்களை வாரம் மூன்று முறை வேனில் கூட்டிவந்து, நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். யார் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வேன் போக வேண்டும் என்று டிரைவரின் போனுக்கும் நோயாளியின் போனுக்கும் சொல்வது இவர்கள் செய்த ஆப். திருவண்ணாமலையில் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பௌர்ணமி வந்தால் லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்ற வந்துவிடும். கிரிவலப் பாதையில் வண்டி நுழைய முடியாது. பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை போன்ற ஊர்களின் நோயாளிகளை அன்றைக்கு மட்டும் விடியற்காலை ஐந்து மணிக்கே அழைத்து வந்துவிட வேண்டும். அதற்காக வருஷத்துப் பன்னிரண்டு பௌர்ணமிக்கும் நாள் குறித்து ஒரு பட்டியல் ஆப்பில் இருந்தது.

பட்டியலைப் போட்டவள் தேவிப்ரியா. இருபத்தைந்து வயது, கெட்டிக்காரி, பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பௌர்ணமி என்றைக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவளுக்கு ஊர் மறந்து இணையம்தான் ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அட்டை 'முடிந்தது' கட்டத்துக்குப் போக வேண்டும் என்ற அவசரம் வேறு. முழு நிலா நாள் என்று ஒரு வெளிநாட்டுப் பக்கம் சொன்ன பன்னிரண்டு தேதிகளையும் எடுத்துப் போட்டுவிட்டாள். செழியன் சரிபார்த்தான், அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு! நிலா முழுசாகிற நொடியில் பௌர்ணமித் திதி முடிந்துவிடும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. அந்த நொடி காலையில் வந்தால், கிரிவலம் முந்தின நாளே தொடங்கியிருக்கும்.

ஆனி மாசத்தில் அது முதல் தடவையாக உதைத்தது. வேன் தடுப்புக் கட்டைக்கு முன்னால் நின்று, ஏதோ வயல்வழிச் சாலையாகச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. மையத்தின் மேலாளர் சக்கரபாணி போன் செய்து கத்தினார். அனந்த் பட்டியலைத் திறந்து பார்த்தான். இரண்டு நிமிஷத்தில் விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த மாசத்து ஆடித் தேதியும் தப்பாக இருந்தது. அதற்குப் பின்னாலும் சில தப்பாக இருக்கும் என்று தெரிந்தது.

முறைப்படி பார்த்தால் ஒரு அட்டை எழுதிப் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் அட்டையில் என்ன தப்பு என்று எழுத வேண்டும். எழுதினால் யார் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும். தேவிப்ரியா வேலையில் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. பாவம், முகம் வாடிவிடுமே என்று அனந்துக்கு இரக்கம் வந்தது. ஆடித் தேதியை மட்டும் தானே திருத்தினான். மிச்சத்தை ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தான். அந்த வாரக் கூட்டத்தில் வேன் பேச்சு வந்தபோது கையைத் தூக்கினான். "என் தப்பு. மேல போலாம்." போனார்கள். ஆற அமரப் பார்க்கிற நாள் வரவே இல்லை.

ஆடிப் பௌர்ணமிக்கு வேன் டாண் என்று ஐந்து மணிக்குப் போயிற்று.

ஆவணிப் பௌர்ணமி சனிக்கிழமை காலையில் தொடங்கியது. பட்டியலில் ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. அடி அண்ணாமலையில் சின்னதாக ஒரு பொட்டிக்கடை வைத்திருக்கிற உண்ணாமலைக்குச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். வழக்கம்போல மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் அவளுக்கு வேன் என்று போன் சொன்னது. டிரைவருக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும், ஆனால் காலையிலிருந்து போன் காட்டுகிற வரிசையில் ஊருக்குள் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். உண்ணாமலைக்குத்தான் தெரியாதா? கடை வாசலிலேயே கூட்டம் போகிறது. ஆனால் போன மாசம் போன் சரியாகச் சொன்னதே, மாற்றுவதாக இருந்தால் மெசேஜ் வந்திருக்குமே என்று நம்பி உட்கார்ந்திருந்தாள்.

வேன் செங்கம் சாலையில் தடுப்போடு நின்றுவிட்டது. அவள் கணவர் இராமலிங்கம் மொபெட்டில் உட்காரவைத்துக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார். கூட்டம் நகர விடவில்லை. வீங்கின காலோடு அவளால் நடக்கவும் முடியவில்லை. திரும்பிப் போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமைதானே அடுத்தது, ஒரு தடவை தவறினால் என்ன என்று நினைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. அதே திங்கட்கிழமை அனந்த் லீவு போட்டுவிட்டுத் தன் ஊர்க் கோயிலில் நின்று, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கை கூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது சக்கரபாணியின் போன் வந்தது. இந்த முறை அவர் கத்தவில்லை.

"அடி அண்ணாமலை அம்மா ஐ.சி.யு.ல இருக்காங்க சார். நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சாம். நாப்பத்தெட்டு மணி நேரம் போனாத்தான் சொல்ல முடியும்னு சொல்றாங்க. உங்க ஆப்புல சனிக்கிழம ஏன் மாறல? எனக்கு எழுத்துல பதில் வேணும்."

பட்டியலைத் திறக்காமலேயே அனந்துக்குக் காரணம் தெரிந்தது. தேவிப்ரியா திறந்து பார்த்தாள். சனிக்கிழமை கிரிவலத்துக்குத் தன் வீட்டாரே போய்வந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரையைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

"நான்தான். நான்தான் போட்டேன்."

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டம் போட்டார்கள். தேவிப்ரியா ராஜினாமாக் கடிதத்தை அடித்து எடுத்து வந்திருந்தாள். அனந்த் எழுந்து நின்றான்.

"இது என் தப்பு" என்றான்.

ஒருவர் முகத்திலும் எந்த மாறுதலும் இல்லை. செழியன் எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "சார், விடுங்க சார். நீங்க எப்பவும் இதத்தான் சொல்வீங்க."

"இல்ல செழியா, நெஜமாவே என் தப்பு."

"சரி சார். நாம எல்லாருமேதான் சார். உக்காருங்க."

தேவிப்ரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "எனக்காகச் சொல்றாரு. வேணாம் சார். இந்தத் தடவ வேணாம். ஒரு அம்மா உயிரு."

அனந்த் அப்படியே நின்றான். ஐந்து வருஷமாக, பத்துக் காசு பெறாத விஷயத்துக்கெல்லாம் அவன் வாரி இறைத்த வார்த்தை அது. இன்றைக்கு உண்மையாகவே தேவைப்படும்போது வாங்கிக்கொள்ள ஆளில்லை. தன்னை நல்லவன் என்று நம்புகிறவர்கள் நடுவில் நிற்பது இவ்வளவு அவமானமாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. மன்னிப்புக் கேட்பதைவிட, நடந்ததைச் சொல்வது கஷ்டம்; நடந்ததைச் சொன்னால் இந்த ஆறு முகமும் மாறிவிடும். அதற்குத்தான் அவன் பயந்தான். கொஞ்ச நேரம் நன்றாகவே பயந்தான்.

பிறகு பட்டியலைச் சுவரில் இருந்த பெரிய திரையில் போட்டான். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்தான். ஆனி மாசத்து நாள். ஆடித் தேதி மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியவர் பெயர்: அனந்த்.

"ஆனி மாசமே எனக்குத் தெரியும்" என்றான். "லிஸ்ட் எங்கேர்ந்து வந்துச்சு, ஏன் தப்பு, எல்லாம் பாத்தேன். ஒரே ஒரு வரிய மட்டும் மாத்திட்டு மூடி வெச்சேன். அட்டை போடல. தேவிகிட்ட சொல்லல. ஆவணியும் தப்பா இருக்கும்னு தெரிஞ்சே விட்டேன்."

செழியன் திரையைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். இப்போது நம்பினார்கள்.

தேவிப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரலில் அழுகை போய் வேறொன்று வந்திருந்தது. "ஆனிலயே தெரியுமா சார்?"

"தெரியும்."

"என் தப்ப எங்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"நீ புதுசு. மனசு கஷ்டப்படுவன்னு..."

"கஷ்டப்பட்டிருப்பேன். ரெண்டு நாள் அழுதிருப்பேன். மூணாவது நாள் பன்னெண்டையும் உக்காந்து சரி பண்ணியிருப்பேன். என்னப் பொத்திப் பொத்தி வெக்க வீட்டுல எங்கம்மா ஒருத்தர் போதும் சார், ஆபீஸ்லயும் எதுக்கு? நீங்க எங்களுக்கு நல்லவரா இருந்தீங்க, அந்த அம்மாவுக்கு?"

இப்படி அவனிடம் அந்த அலுவலகத்தில் யாரும் பேசியதில்லை. பேச இடம் கொடுத்ததில்லை என்பதுதான் நிஜம். முந்திக்கொண்டு பழியை வாரிக் கட்டிக்கொள்கிறவனை யார் என்ன கேட்க முடியும்? அவள் ராஜினாமாக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, 'பௌர்ணமிப் பட்டியல் – எல்லா மாசமும் – கோயில் அறிவிக்கும் நேரத்தோடு' என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டுப் பலகையில் ஒட்டினாள். மத்தியானத்துக்குள் மீதி மாசங்களில் இன்னும் மூன்று தேதி தப்பு என்று கண்டுபிடித்துத் திருத்தினாள். இந்த முறை சரிபார்க்க, ஆப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாத மருந்துக்கடைக்காரரைப் பஞ்சாங்கத்தோடு மாடிக்குக் கூட்டி வந்தாள்.

அப்பாதுரை அனந்தை உள்ளே கூப்பிட்டார். மையத்துக்கு அனுப்ப வேண்டிய பதில் அவர் மேஜையில் இருந்தது.

"'ஒருங்கிணைப்பில் ஏற்பட்ட குறைபாடு'ன்னு எழுதியிருக்கேன். யார் பேரும் வேணாம். நீதானப்பா சட்டம் போட்ட, தனி ஆளக் குத்தம் சொல்லக் கூடாதுன்னு?"

"அது அடுத்தவங்கள நாம சொல்லக் கூடாதுன்றதுக்கு சார். நான் செஞ்சத நான் மறைக்கிறதுக்கு இல்ல."

"எழுதிக் குடுத்தா நாளைக்கு கேஸு கீஸுன்னு போனா உன் தலைலதான் விடியும். யோசிச்சுக்கோ."

"அதுக்குத்தான் சார் எழுதறேன்."

அவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கடிதத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டார். அனந்த் 'ஒருங்கிணைப்பு' வரியை அடித்துவிட்டு, ஆனி மாசம் தான் பார்த்ததையும் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் நாலு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். அனந்த் வண்டிச் சாவியை எடுத்தபோது தேவிப்ரியா எழுந்து நின்றாள்.

"நானும் வரேன்."

'நீ எதுக்கும்மா, நான் பாத்துக்கறேன்' என்ற வாக்கியம் அவன் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினான்.

"வா" என்றான்.

ஐ.சி.யு.வுக்கு வெளியே பெஞ்சில் இராமலிங்கம் உட்கார்ந்திருந்தார். அறுபது வயசிருக்கும். நான்கு நாள் தாடி. இவர்கள் யார் என்று சொன்னதும் மரியாதையாக எழுந்தார்.

"ஆப்பீஸ்லேர்ந்து வந்துகிறீங்களா சார்? நேத்து ரெண்டு வாட்டி மிஷின்ல போட்டாங்க. கண்ணு முழிச்சுட்டா. பொழச்சுக்குவான்னு டாக்டர் சொல்லிட்டாரு. மிஷினு தப்பா சொன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம். உக்காருங்க."

தேவிப்ரியா உட்காரவில்லை. "மிஷின் இல்லீங்க. தேதியத் தப்பா போட்டது நான். எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்சிருக்கணும். நானும் இந்த ஊர்தான்."

இராமலிங்கம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அனந்த் சொன்னான்.

"அது தப்புன்னு எனக்கு ஆனி மாசமே தெரியுங்க. நான் சரி பண்ணல. யார்கிட்டயும் சொல்லல."

"ஆனின்னா, அன்னிக்கு வண்டி ஒரு மணி நேரம் லேட்டா வந்துச்சே, அப்பவா?"

"அப்பத்தாங்க."

"அன்னிக்கும் நாங்கதான்" என்றார் இராமலிங்கம்.

அலுவலகத்தில் ஆறு பேரை நம்ப வைக்கத் திரையும் அதில் ஒரு பதிவும் தேவைப்பட்டன. இவர் ஒரு வார்த்தையில் நம்பிவிட்டார். அவர் முகத்திலிருந்த மரியாதை போய்விட்டது.

"இந்தப் பொண்ணு தெரியாம செஞ்சுடுச்சு. சின்னப் பொண்ணு. நீ தெரிஞ்சுகினே செஞ்சுகிற." அவர் குரலை உயர்த்தவில்லை. "எங்கிட்ட சொல்லி ஒண்ணும் ஆவப்போறது இல்ல. மூச்சு முட்டினது எனக்கில்ல. உள்ள போ. அவகிட்ட போய்ச் சொல்லு."

ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். தேவிப்ரியா பெஞ்சுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். அனந்த் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனான்.

உண்ணாமலை மெலிந்த பெண்மணி. கழுத்தில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். நெற்றியில் யாரோ விபூதி வைத்திருந்தார்கள். இவனைப் பார்த்ததும் யாரென்று தெரியாமல் விழித்தாள். வண்டி ஆப் செய்கிற ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றான். அவளுக்கு 'வண்டி' மட்டும் காதில் விழுந்தது.

"வண்டிக்காரரா? சனிக்கெழம ஏம்பா வரல?" சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது. "ஒரு மணிக்கெல்லாம் பைய எடுத்துகினு ரெடியாய்ட்டேன். போனக் கையிலயே வெச்சுகினு இருந்தேன்."

சொல்வதற்கு அவனிடம் எவ்வளவோ இருந்தது. பட்டியல், திதி, இணையம், அட்டை, தேவிப்ரியாவின் முகம், தன் இரக்கம். ஒன்றும் அந்தக் கட்டில் முன்னால் எடுபடாது என்று தெரிந்தது.

"நேரம் தப்பா இருக்குன்னு எனக்கு ரெண்டு மாசமா தெரியும்மா. நான் மாத்தல."

அவள் கண்ணை மூடாமல் அவனையே பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தான். வந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரியுமா?" என்றாள். பிறகு மெதுவாக, நிஜமாகவே விளங்காமல் கேட்டாள். "அப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, சாமி. வண்டியே வேணாமே. இருட்டு பிரியறதுக்குள்ள நானே எந்திரிச்சி அவுரு கூட மொபெட்ல போயிருப்பேனே."

அவள் சோர்ந்துபோய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நேரமாகிவிட்டது என்று நர்ஸ் வந்து சொல்லும் வரை அவன் கட்டிலோரமாகவே நின்றிருந்தான்.